இன்னும் கொஞ்சம் ஊதுங்க

வாளித் தண்ணீர் டியூபுக்குள் ஏறியதைத்தான் அவள் முதலில் கவனித்தாள்.

அந்தக் கூடத்தில் வரிசையாக ஐந்து எஃகு டேங்குகள் நின்றன. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். ஐந்தாவது காலி. மற்ற ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் உள்ளே ஓடுவது வெளியே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டியூப் இறங்கி, தரையில் வைத்திருந்த வாளித் தண்ணீருக்குள் முடிந்தது. டேங்குக்குள் பீர் புளிக்கும்போது கிளம்பும் வாயு அந்த வழியாக வெளியேறி, வாளியில் குமிழியாக வெடித்தது. ஒன்று, இரண்டு, நான்கு என்று எண் போட்ட டேங்குகளில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்றாவதில் மட்டும் ஒரு குமிழி வந்தது, நின்றது, பிறகு வாளித் தண்ணீர் டியூபுக்குள் ஒரு சாண் ஏறி, சற்றே தயங்கி, இறங்கியது. இறங்கிய பிறகு இன்னொரு குமிழி வந்தது.

வெளியே விடுவது சரி, உள்ளே எதற்காக இழுக்கிறது என்று அவள் கேட்டாள்.

பீர் காய்ச்சுகிறவரை அங்கே எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை ஈரம், விருந்தாளிகளைப் பார்த்துவிட்டால் நிற்காத வாய். "சூடு குறையுதும்மா. உள்ள இருக்கிற காத்து சுருங்கும்போது தண்ணிய இழுக்கும். அவ்வளவுதான்" என்றார்.

விளக்கம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நிமிடத்தில் அது பத்து முறை இழுத்துவிட்டது. இரண்டு நிமிடத்தில் ஒரு டேங்க் பத்து முறை சூடாகி, பத்து முறை ஆறுமா என்று கேட்க வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற கணவர் முழங்கையால் லேசாக இடித்தார்.

"டாக்டரம்மா, இன்னிக்கு லீவு."

அவள் டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் நுரையீரல் சோதனை அறையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, ஊதச் சொல்ல வேண்டும். மெஷின் தானாக அளந்துகொள்ளும். ஆளை ஊதவைப்பதுதான் பெரும்பாடு. பாதியில் விட்டுவிடுவார்கள். அதனால் ஊதுங்க ஊதுங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க, அடிவரைக்கும் என்று பக்கத்திலேயே நின்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே வசனம். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் தொண்டையில் ஈரம் இருக்காது.

போன வருடம் கணவருக்கு நிமோனியா வந்தது. பதினோரு நாள் ஐ.சி.யூ. மெஷின் அவருக்காக மூச்சு விட்டது, பிறகு அவரே விட்டார், அந்தப் பதினோரு இரவும் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எண்ணினாள். ஆள் பிழைத்து வந்துவிட்டார். ஆனால் வலது நுரையீரலில் ஒரு தழும்பு தங்கிவிட்டது. நாலு மூச்சு சீராக வரும். ஐந்தாவது, மாடிப்படியில் கால் தட்டின மாதிரி, பாதியில் ஒரு தடக் என்று நின்று மேலே போகும். பேச்சும் அப்படித்தான். வீட்டுத் தரகர் அவர், பேசியே பிழைக்கிறவர். முன்பெல்லாம் ஒரு வீட்டைப் பற்றி ஆரம்பித்தால் கேட்கிறவர் முன்பணம் எடுத்து வைத்த பிறகுதான் நிறுத்துவார். இப்போது ஏழெட்டு வார்த்தைக்கு ஒரு முறை நின்று காற்றை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகும் அவளால் எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. தூக்கத்தில் விழித்துக்கொள்வாள். கை அவர் நெஞ்சுக்குப் போகும். சாப்பிடும்போது, டி.வி. பார்க்கும்போது, அவர் சட்டைப் பொத்தான் ஏறி இறங்குவதைக் கண் தேடும். போன வாரம் அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "நான் உனக்குப் புருஷனா, பேஷண்டா? முடிவு பண்ணிச் சொல்லு" என்றார். அவள் அழுதாள். அவரும் கொஞ்சம் அழுதார். அவருடைய நாற்பத்தெட்டாவது பிறந்தநாளன்று ஒரு நாள் முழுக்க எண்ணுவதில்லை என்று அவள் சத்தியம் செய்து கொடுத்தாள். எங்கே போகலாம் என்றதற்கு, ஊருக்கு வெளியே பழைய டயர் குடோனில் யாரோ கைப்பட பீர் காய்ச்சுகிறார்களாம், ருசி பார்க்கவும் விடுகிறார்களாம் என்றார். டாக்டர் அரை கிளாஸுக்கு அனுமதி கொடுத்திருந்தார். மழைக்கால சனிக்கிழமை மதியம், காரை அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ஆகவே இன்றைக்கு லீவு. மூன்றாம் டேங்கிலிருந்து அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த டேங்கின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயதுக்கு ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். மடியில் துணிப்பை. ஒரு உள்ளங்கை டேங்கின் வயிற்றில் பதிந்திருந்தது. குளிரூட்டிய எஃகில் அவ்வளவு நேரம் கை வைத்தால் விறைத்துப்போகுமே என்று இவள் நினைத்தாள். அந்தப் பெண் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் அவளைக் காட்டி, "அக்கா எங்க ரெகுலர். குடிக்க மாட்டாங்க, சும்மா வந்து உக்காருவாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்றைக்கு ருசி பார்க்க வந்திருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். இவர்கள் இருவரையும் தவிர, ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நாலு பேர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ரகம், நல்ல பிள்ளைகள். நீள மேசையில் எல்லோர் முன்னாலும் குழி வெட்டிய ஒரு பலகை வந்தது. குழிக்கு ஒன்றாக மூன்று சின்ன கிளாஸ். பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும். பீர் குடிக்க வந்த இடத்தில் வகுப்பெடுப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஆனால் மாஸ்டர் நன்றாகவே எடுத்தார். தானியத்தை முளைகட்டி வறுப்பது, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பைப் பிரிப்பது, அந்தச் சாறைக் கொதிக்கவைத்து கசப்புப் பூ போடுவது எல்லாம் ஊர் உலகத்தில் செய்கிற மாதிரிதானாம். சாறைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் மட்டும் அவர் கடையில் வாங்குவதில்லையாம்.

"மனுஷன் மூச்சுல இல்லாத ஈஸ்ட்டா? ஒரு டேங்குக்கு ஒருத்தர். அவர் ஊதுறதுதான் அந்த பீரு" என்றார்.

ஆபீஸ் பிள்ளைகள் முகம் சுளித்துச் சிரித்தார்கள். ஊதியவருடைய பெயரைத்தான் பீருக்கு வைப்பதாக மாஸ்டர் சொன்னார். பெயர் என்றால் தொழில். முதல் கிளாஸ் லாரி டிரைவர், கோதுமையில் செய்தது, மங்கலான மஞ்சள், புதுரொட்டியும் ஆரஞ்சுத் தோலும் மணந்தது. இரண்டாவது பாட்டு டீச்சர்; அதன் கசப்பு விழுங்கின பிறகும் நாக்கின் அடியில் வெகுநேரம் நின்றது. கார் ஓட்ட வேண்டும் என்பதால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டதோடு சரி. மூன்றாவது கறுப்பு. பெயர் வக்கீல். அதை மட்டும், வாசனை நன்றாக இருந்ததால், ஒரு மடக்கு வாயில் வைத்தாள். வறுத்த தானியம், கிராம்பு, அதற்கு அடியில் வெதுவெதுப்பாக ஒன்று. பீர் குளிர்ச்சியாக இருந்தது, அந்த ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. தூங்கி எழுந்த யாரோ ஒருவர் பல் தேய்க்காமல் அவள் முகத்துக்கு நேரே வந்து பேசுகிற வாசனை. அவள் கைக்குட்டையால் நாக்கையே துடைத்துக்கொண்டாள்.

இந்த வக்கீல் தன் பீரைக் குடித்துப் பார்த்தாரா, என்ன சொன்னார் என்று மாஸ்டரைக் கேட்டாள்.

"பீர் ரெடியான பிறகு அவங்கள்ல யாரும் வந்ததில்லம்மா" என்றார் மாஸ்டர். சொல்லிவிட்டு ஒரு குழாயைத் திருகப் போய்விட்டார்.

கணவர் அதைக் கேட்கவில்லை. அவர் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சந்தோஷமாக இருந்தார். எத்தனை மாதம் ஆயிற்று இந்த முகத்தைப் பார்த்து என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துபோயிற்று.

பிறகு எல்லோரையும் மேலே கூட்டிப்போனார்கள். செங்குத்தான மரப்படி. மேலே கூரை தலையில் இடிக்கிற மாதிரி ஒரு பரண். சுவர் முழுக்கப் பலகைச் சன்னல்கள், அவற்றின் இடுக்கு வழியாக மழையின் குளிர்ந்த வாசனை. நடுவில் இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு செம்புத் தொட்டி, ஆழம் ஒரு சாண்தான் இருக்கும். அதில் பழுப்பு நிறச் சாறு பரந்து கிடந்து ஆவி விட்டது. வேகவைத்த தானியத்தின் இனிப்பு வாடை மூக்கில் ஒட்டியது, சட்டையில் ஒட்டியது. தரைப் பலகைக்கு அடியில், கீழே கூடத்தில், வாளிகளின் சத்தம் இங்கேயும் கேட்டது. ஒன்று வேகமாக, ஒன்று நிதானமாக, ஒன்று எப்போதாவது. மாஸ்டர் மின்விசிறியை நிறுத்தினார். அப்போது அந்தச் சத்தம் இன்னும் தெளிவாயிற்று.

"பொறந்தநாள் ஆளு யாரு? வாங்க சார்."

கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. அவள் தலையாட்டினாள். அவர் தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து, பிறந்தநாள் மெழுகுவத்தியை அணைக்கிறவர் போல விளையாட்டாக ஒரு ஊது ஊதினார். ஆவி விலகியது. போதும் சார், அவ்வளவுதான் என்று மாஸ்டர் மூடியை எடுக்கத் திரும்பினார்.

அப்போதுதான் அவள் வாய் திறந்துகொண்டது. அவள் திறக்கவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் திறந்தது.

"ஊதுங்க ஊதுங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க, இன்னும் இருக்கு, அடிவரைக்கும்..."

கணவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. போன மாதச் சோதனையில் அவர் நாலு விநாடிதான் ஊதினார்; இன்று ஐந்து தாண்டுகிறாரா பார்க்க வேண்டும் என்ற ஆசை. சத்தியத்தை மீறி மனசுக்குள் எண்ணினாள். ஐந்து. ஆறு. எட்டு. அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, தோள் முன்னால் மடங்கியது. "இன்னும் கொஞ்சம், முழுசா." பத்து. பன்னிரண்டு. ஆபீஸ் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆவியில் அவர் ஊதிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் நிமிர்ந்த பிறகும் அந்தப் பள்ளம் மூடவில்லை.

அவர் மூச்சு வாங்குவார், தோளைப் பிடித்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்று அவள் கையை நீட்டியிருந்தாள். அவர் வாங்கவில்லை. சிரித்தார். இருமல்கூட இல்லை. யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. குணமாகிவிட்டது. ஒரு வருடம் பட்ட பாட்டுக்கு, அவருக்குக் குணமாகிவிட்டது.

கீழே வந்ததும் மழை வலுத்திருந்தது. தகரக் கூரையில் அதன் இரைச்சல். மேலேயிருந்து சாறு ஒரு பெரிய குழாய் வழியாகச் சலசலவென்று ஐந்தாம் டேங்குக்குள் இறங்கியது. மாஸ்டர் மூடியை முறுக்கி, டியூபை மாட்டி, கரும்பலகையில் ஐந்து என்பதற்கு எதிரே "வீட்டுத் தரகர்" என்று எழுதினார். சத்தம் கேட்க மூன்று நாளாவது ஆகுமாம். கேட்க ஆரம்பித்தால் நாலு வாரம், ஐந்து வாரம். சத்தம் நின்றால் பீர் ரெடி.

கணவர் மேசையில் ஆபீஸ் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கதை சொன்னார். இரண்டு வாசல் வைத்த ஒரு வீட்டை அண்ணனுக்குத் தெரியாமல் தம்பியிடமும் தம்பிக்குத் தெரியாமல் அண்ணனிடமும் பேசி ஒரே ஆளுக்கு விற்ற கதை. பழைய கதை, அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து ரசித்தாள். என்ன அழகாகப் பேசுகிறார். எங்கேயும் தடங்கல் இல்லை. அண்ணனைப் போலவும் தம்பியைப் போலவும் குரல் மாற்றி, நடுவில் சிரித்து, சிரிப்பிலிருந்து நேராக அடுத்த வரிக்கு வந்து, முன்னைவிட நன்றாக.

முன்னைவிட.

முன்னேகூட அவர் எங்கேயாவது நிறுத்துவார். எல்லோரும் நிறுத்துவார்கள். பேச வேண்டுமானால் காற்று வேண்டும். அவள் கிளாஸை மேசையில் வைத்தாள். அவர் தோளைப் பார்த்தாள். கழுத்துக் குழியைப் பார்த்தாள். சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். கதை போய்க்கொண்டே இருந்தது. பொத்தான் அப்படியே இருந்தது.

மழை இரைச்சலுக்கு அடியில் புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தது.

ப்ளக்.

அவள் திரும்பினாள். ஐந்தாம் வாளி. ஒரு குமிழி. பிறகு வாளித் தண்ணீர் டியூபுக்குள் ஏறியது. இறங்கியது. ப்ளக். மாஸ்டர் பூட்ஸ் சப்திக்க ஓடிவந்து குனிந்து பார்த்தார். "அரைமணி நேரம்கூட ஆகலையே. இப்படி நான் பார்த்ததே இல்ல" என்றார். அவர் குரலில் பயம் இல்லை. பெருமைதான் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ள உள்ளே போனார்.

அவள் எழுந்து அந்த வாளியிடம் போனாள்.

ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. மூன்று. நாலு. எல்லாம் சீராக. ஐந்தாவது முறை தண்ணீர் பாதி ஏறி, தடக் என்று நின்று, பிறகு மேலே போனது.

மறுபடி எண்ணினாள். நாலு சீராக. ஐந்தாவதில் தடக்.

பதினோரு இரவு கேட்ட சத்தம். இருட்டில், ஆயிரம் பேர் நடுவில், எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

டியூபைப் பிடித்தாள். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. விரலுக்குள் அது லேசாக விம்மித் தாழ்ந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இரண்டு விரலால் டியூபை மடித்து அழுத்தினாள்.

வாளி அடங்கியது.

மேசையில் கதையும் நின்றது. வாக்கியத்தின் நடுவில். அவள் தலையைத் திருப்பினாள். கணவர் வாய் திறந்தபடி இருந்தது. ஒரு கை காலரைப் பிடித்து இழுத்தது. கண் அவளைத் தேடியது. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த நீலம் அவளுக்குத் தெரியும்.

டியூபை விட்டாள்.

ப்ளக். ப்ளக். ப்ளக்.

"...தம்பிக்காரன் சொல்றான், அந்த வாசல் என்னோடது, இந்த வாசல்தான் அண்ணனோடதுன்னு" என்று விட்ட இடத்திலிருந்து கணவர் தொடர்ந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை.

"நானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்."

மூன்றாம் டேங்குப் பக்கமிருந்து குரல் வந்தது. அந்தப் பெண் தலையைத் திருப்பவில்லை. கையும் எஃகிலிருந்து நகரவில்லை. அவள் மடியிலிருந்த துணிப்பை இப்போது திறந்திருந்தது. உள்ளே இரண்டு சர்க்கரைப் பாக்கெட்.

அந்தப் பெண்ணின் கணவர் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாராம். சாப்பிடுகிறாராம், நடக்கிறாராம், பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாராம். கிட்டப் போய்ப் பார்க்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாதாம். அதை அவள் காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னாள். மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, அவருக்குப் புரியவில்லை, அக்கா பாவம் என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட்டால் டேங்க் இன்னும் சில நாள் ஓடும் என்று அவரே ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாராம். அன்றிலிருந்து வாரம் தவறாமல் கொண்டுவருகிறாள். அவளுக்காக அவரும் போடுகிறார்.

"மொதல்ல நிமிஷத்துக்குப் பதினாறு வந்துச்சு. இப்ப அஞ்சு" என்றாள். "உங்களோடது நல்லா வேகமா இருக்கு. நீங்க பயப்படாதீங்க."

மூன்றாம் வாளியில் தண்ணீர் ஏறியது. நின்றது. வெகுநேரம் நின்றது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் இறங்கிய பிறகுதான் திறந்தாள்.

கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். இப்போதே. ஆஸ்பத்திரிக்கு, அவளுடைய அறைக்கு. சனிக்கிழமையானாலும் சாவி அவளிடம்தான் இருக்கிறது. மெஷினில் ஊதவைத்தால் தெரிந்துவிடும். மெஷின் பொய் சொல்லாது. கோடு ஏறும். கட்டாயம் ஏறும். பிறகு இதெல்லாம் ஒரு மடக்கு பீரும் ஒரு வருடத் தூக்கமின்மையும் செய்த வேலை என்று இரண்டு பேரும் சிரிக்கலாம். அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். மேசைக்குப் போய் அவர் தோளைத் தொட்டு, கிளம்பலாம் என்றாள்.

தொட்ட கையை அப்படியே நெஞ்சுக்கு இறக்கினாள். இதயம் அடித்தது. நன்றாக, திடமாக, ஒழுங்காக அடித்தது. அவளுக்கு உயிர் வந்தது. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி கையை எடுக்காமல் நின்றாள். முள் ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளங்கைக்கு அடியில் இதயம் மட்டும். முள் இரண்டாவது சுற்றும் முடித்தது. விலா எலும்பு ஒரு நூல்கூட எழும்பவில்லை.

"எண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணினே" என்றார் அவர். கோபமில்லை. செல்லமாகத்தான் சொன்னார்.

வெளியே ஓடினார்கள். மழையில் நனைந்து காரில் ஏறினார்கள். கதவைச் சாத்தியதும் உலகம் சின்னதாயிற்று. கூரையில் மழை. அவள் மூச்சு. வேறு சத்தம் இல்லை. அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்கினார். இவ்வளவு நல்ல பிறந்தநாள் இதுவரை வந்ததில்லை, வருகிற வருடமும் இங்கேயே வரலாம், உனக்குத்தான் பாவம் ஒரு கிளாஸ்கூடக் குடிக்க முடியவில்லை, நாளைக்கு அந்த மாடிவீட்டுப் பார்ட்டியைப் பார்க்க வேண்டும், நானே போகிறேன், படியேறிப் போகிறேன், மேலே ஏறினாலும் எனக்கு இப்போது ஒன்றும் செய்யவில்லை தெரியுமா என்று ஒரே சரடாக.

அவள் சாவியைத் திருகினாள். வைப்பரை ஓடவிட்டாள். வெளியே துடைத்தது. உள்ளே மங்கலாகவே இருந்தது. மூடிய கார், ஈர உடம்புகள், கண்ணாடி பனிப்பது சகஜம்தான். துடைக்கத் துணியைத் தேடினாள்.

பிறகு தேடுவதை நிறுத்தினாள்.

கண்ணாடியில் அவளுக்கு நேரே மட்டும் பனித்திருந்தது. வெள்ளையாக, தடிமனாக. நடுவில் வந்ததும் மெலிந்தது. அவருடைய பக்கம் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. அந்தப் பக்கத்தின் வழியாக மழையும் குடோனின் கதவும் கதவுக்கு மேலிருந்த விளக்கும் துல்லியமாகத் தெரிந்தன.

"ஏங்க."

"சொல்லு."

"கண்ணாடி மேல கொஞ்சம் ஊதுங்க."

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். மறுக்கவில்லை. இவ்வளவு நாள் பட்டவளுக்கு இதுகூடச் செய்யக் கூடாதா என்கிற முகம். பெல்ட்டைத் தளர்த்தி, முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் உதட்டைக் குவித்தார். கன்னம் உப்பியது. ஊதினார்.

அவள் எண்ணினாள். ஐந்து. பத்து.

கண்ணாடி தெளிவாக இருந்தது.

இருபது. நாற்பது. அவர் முகம் சிவக்கவில்லை. நரம்பு புடைக்கவில்லை. நிமிரவும் இல்லை. உதட்டைக் குவித்தபடியே, தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பி, போதுமா என்று கேட்டுக்கொண்டு, அவர் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.